இடமிருந்து மூன்றாவது, பச்சை அட்டை

ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் எங்கள் ஊர் நூலகத்தின் தமிழ்ப் பகுதிக்குப் போய், அலமாரியின் ஒரே ஒரு தட்டை மட்டும் கைப்பேசியில் படமெடுப்பேன். நூல்களின் முதுகெழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சன்னல் திரையை ஒதுக்குவேன். சாய்ந்து கிடப்பவற்றை நிமிர்த்தி வைப்பேன். அதற்கு மேல் அழகுபடுத்தும் வேலை எதுவும் கிடையாது. அந்தப் படத்தை நூலகத்தின் முகநூல் பக்கத்திலும் புலனத்திலும் (வாட்ஸ்அப்) இட்ட சற்று நேரத்தில் பதில்கள் வரத் தொடங்கிவிடும். "மேல்தட்டுல கடைசியா இருக்கிற தடிப்புத்தகம் என்னா டீச்சர்?" என்று ஒருவர் கேட்பார். "இடமிருந்து மூணாவது, நீல அட்டை, எனக்கு எடுத்து வச்சிருங்க" என்று இன்னொருவர் சொல்வார். நூலின் பெயரோ ஆசிரியரின் பெயரோ தெரியாமல், நிறத்தையும் இடத்தையும் மட்டும் சொல்லிக் கேட்கிறார்கள். நூலகத்தின் சமூக ஊடகப் பக்கங்களைச் சில ஆண்டுகளாகக் கவனித்து வரும் எனக்கு, இந்த ஒரு படம் கற்றுக்கொடுத்த அளவுக்கு வேறெந்தப் பதிவும் கற்றுக்கொடுத்ததில்லை.

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வாரத்தில் மூன்று மாலைகள் நூலகத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டப்புறச் சிற்றூர்களில் ஒன்று எங்களுடையது. 1877இல் ரப்பர் கன்றுகள் கொண்டுவந்து நடப்பட்ட கோலகங்சாரும் தொலைவில் இல்லை. ஆனால் அந்தப் பெருமையைப் பேசும் ஊரில் இன்று பால்மரத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். கண்ணுக்கெட்டிய தூரம் எண்ணெய் எடுக்கும் செம்பனைதான். தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் வாழ்ந்தவர்கள் ஊரை ஒட்டிய மலிவு விலை வீடுகளுக்கும் தாமான் எனப்படும் குடியிருப்புகளுக்கும் பெயர்ந்துவிட்டார்கள். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கான வருகைப் பதிவுக்கு, ஓடிய தலைமுறை இப்போது பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறது. அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலைக்குப் போகிறார்கள். நூலகமோ சிறியது. மலாய் நூல்கள் பெரும்பகுதி, ஆங்கிலம் கொஞ்சம், சீனம் கொஞ்சம், தமிழ் இரண்டரை அலமாரி.

எங்கள் பக்கம் உயிர்பெற்றது நோய்த்தொற்றுக் காலத்தில். 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து நூலகக் கதவுகள் மூடப்பட்டன. அதே ஆண்டுக்குரிய உலகப் புத்தகத் தலைநகராகத்தான் யுனெஸ்கோ கோலாலம்பூரை அறிவித்திருந்தது. ஏப்ரல் 23ஆம் நாள் அந்தப் பட்டத்துக்குரிய ஓராண்டு தொடங்கியபோது நாட்டில் எந்த நூலகத்துக்குள்ளும் ஒரு வாசகர் காலெடுத்து வைக்க முடியவில்லை. எங்கள் சிற்றூருக்கும் தலைநகருக்கும் அன்றைக்கு இருந்த ஒரே ஒற்றுமை அது. நூலகர் என்னை அழைத்து, முகநூல் பக்கத்தில் தமிழில் ஏதாவது எழுதித் தர முடியுமா என்று கேட்டார்.

முதல் ஓராண்டு நான் செய்ததெல்லாம் அறிவிப்புப் பலகை வேலை. திறக்கும் நேரம், மூடும் நேரம், பொங்கல் வாழ்த்து, தீபாவளி வாழ்த்து, கதவுகள் திறந்த பிறகு நடந்த நிகழ்ச்சிகளில் பொன்னாடை போர்த்தும் படங்கள். படத்தில் நிற்பவர்களும் அவர்களின் உறவினர்களும் விருப்பக்குறி இட்டார்கள். மறுநாள் முகப்பில் வந்து நிற்பவர் எண்ணிக்கை முந்தைய நாளைப் போலவே இருந்தது. குற்றம் முகநூலின் மேல் இல்லை. நூலக முகப்பில் யாராவது வந்து ஏதாவது கேட்டால் எழுந்து நின்று பதில் சொல்லும் நான், திரையில் மட்டும் யாரும் கேட்காததைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பின்தொடர்பவர்கள் யார் என்று ஒருநாள் உட்கார்ந்து பார்த்தபோது இன்னொன்றும் புரிந்தது. பெரும்பாலோர் ஊரில் இல்லாதவர்கள். ஜொகூர் பாருவிலும் கிள்ளானிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு, பிறந்த தோட்டத்தின் வாசனைக்காகப் பக்கத்தைப் பார்க்கிறவர்கள். அவர்கள் அன்போடு இதயக்குறி இடுவார்கள், ஆனால் நூல் எடுக்க வரப்போவதில்லை. ஊரிலேயே இருக்கும் வாசகரோ விருப்பக்குறி எதுவும் இடாமல், படத்தை மட்டும் பார்த்துவிட்டு, மூன்று நாள் கழித்து மோட்டாரை நிறுத்திவிட்டு உள்ளே வருவார். மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பும்போது முதல் வகையினரின் எண்ணிக்கைதான் பெரிதாகத் தெரியும். அதைக் கண்டு மகிழ்ந்துபோவது எளிது. வெளியூர்க்காரர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. தமிழ்ப் பகுதிக்கு எந்த வகை நூல்கள் குறைவாக இருக்கின்றன என்று ஒருமுறை எழுதியபோது பெட்டி பெட்டியாக அஞ்சலில் அனுப்பியவர்கள் அவர்கள்தாம். அவர்களிடம் கேட்க வேண்டியது வேறு, உள்ளூரில் இருப்பவர்களிடம் கேட்க வேண்டியது வேறு என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

அடுக்கின் படத்துக்கு வருகிறேன். அது திட்டமிட்டுச் செய்ததன்று. ஒருநாள் ஓர் அம்மையார் புலனத்தில் ஒரு நாவலைக் கேட்டார். கணினிப் பட்டியலில் தேடினேன், இல்லை என்றது. இல்லை என்று பதிலும் அனுப்பிவிட்டேன். மாலையில் தூசி தட்டும்போது அந்த நூல் இரண்டாம் தட்டில் கண்ணெதிரே நிற்கிறது. காரணத்தை ஆராய்ந்தால் எழுத்தில் போய் முடிந்தது. தமிழ் நூல்களின் பெயர்கள் எங்கள் பட்டியலில் ரோமன் எழுத்தில் ஏற்றப்பட்டிருந்தன. உலக நூலகங்கள் பலவும் பின்பற்றும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்து முறைப்படி ழகரம் அடிக்கோடிட்ட எல் ஆகவும், ளகரம் கீழே புள்ளி வைத்த எல் ஆகவும் மாறும். றகரத்துக்கும் னகரத்துக்கும் அதைப் போலவே கோடுகள் உண்டு. அறிஞர்களுக்கு அது நுட்பமான முறை. ஆனால் எங்கள் ஊர்ப் பாட்டிமார் இருக்கட்டும், பல்கலைக்கழகம் போன பேரன்கூட ழகரத்துக்கு இசட் எச் என்றுதான் தட்டுவான், பட்டியலும் இல்லை என்றுதான் சொல்லும். நூலகப் பட்டியல்களுக்கான மார்க் 21 என்னும் பதிவு வடிவத்தில் மூல எழுத்தை ஏற்றிவைப்பதற்கென்றே 880 என்ற தனிப் புலம் இருக்கிறது. அதை நிரப்புவதற்குத் தமிழில் தட்டச்சு செய்யத் தெரிந்த ஒரு கை வேண்டும், நேரமும் வேண்டும். முரசு அஞ்சல் என்னும் தமிழ்த் தட்டச்சு மென்பொருளையும், 2005இல் கைப்பேசிக்குத் தமிழைக் கொண்டுவந்த செல்லினத்தையும் உருவாக்கிய முத்து நெடுமாறன் இந்த மண்ணைச் சேர்ந்தவர். அவர் நாட்டு நூலக அடுக்கிலேயே ஒரு தமிழ் நூலைத் தமிழில் தேட முடியாமல் நான் உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது.

அன்று அந்த அம்மையாரிடம் மன்னிப்புக் கேட்கும் வகையில், நூல் இருந்த தட்டைப் படமெடுத்து அனுப்பினேன். அவர் அதைத் தம் தங்கைக்கு அனுப்ப, தங்கை இன்னொருவருக்கு அனுப்ப, ஒரே வாரத்தில் அந்தத் தட்டிலிருந்து ஐந்து நூல்கள் வெளியே போயின. அவற்றுள் இரண்டின் கடைசித் தவணை முத்திரை பல ஆண்டுகளுக்கு முன்பு விழுந்தது. அப்போதுதான் பட்டியலால் முடியாத வேலையைப் படம் செய்கிறது என்று உறைத்தது. சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது. அந்த வாசகரும் நூலும் சந்திக்க வேண்டுமானால், நூல்களைக் கம்பிக் கதவுக்குப் பின்னால் பூட்டி வைக்காமல், வாசகர் தாமே அடுக்குகளுக்கிடையே நடந்து, கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்கும் திறந்த அடுக்கு முறை வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். எங்கள் அடுக்குகள் எல்லாம் திறந்துதான் இருக்கின்றன. ஆனால் முழங்கால் வலியோடு வீட்டில் இருப்பவருக்கும், இரவு ஷிப்ட் முடிந்து காலையில் உறங்குபவருக்கும் திறந்த அடுக்கு இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன? முதுகெழுத்து தெரிகிற ஒரு படம் அவர்களை அலமாரிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறது. தேடும் சொல் தெரிந்தவருக்குத்தான் பட்டியல் உதவும். என்ன வேண்டும் என்று தெரியாமல் வருகிறவருக்கு அடுக்குதான் உதவும். எங்கள் வாசகர்களில் பெரும்பாலோர் இரண்டாம் வகை.

ரங்கநாதன் காலத்திலேயே, அதே 1931இல், மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாட்டு வண்டி நூலகம் வாய்க்கவில்லை. மோட்டாரில் மணியடித்துக்கொண்டு வரும் ரொட்டிக்காரர்தான் வாய்த்தார். ரொட்டிப் பொட்டலங்களுக்கு நடுவே அவர் தொங்கவிட்டு வந்த தமிழ் வார இதழ்களைக் கண்ணால் மேய்ந்துதான் நான் எழுத்துக்கூட்டினேன். அவரும் பட்டியல் எதையும் நீட்டவில்லை. அட்டையைத்தான் காட்டினார்.

மொழிச் சிக்கல் ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதே நிலையிலுள்ள நூலகங்கள் நாட்டில் ஏராளம். பொது நூலகம் எல்லா இனத்தவருக்கும் உரியது. எனவே பதிவு முதலில் மலாயிலும் அதன் கீழே தமிழிலும் போவது வழக்கம், அது சரியும்கூட. ஆனால் முகநூல் நீண்ட பதிவின் முதல் சில வரிகளை மட்டும் காட்டிவிட்டு மிச்சத்தை 'மேலும் பார்க்க' என்ற சொல்லுக்குள் மடித்து வைத்துவிடுகிறது. மலாய் வாசகம் மேலே நிற்க, தமிழ் முழுவதும் மடிப்புக்குள் போய்விடும். ஒரு பாட்டி, தமிழே எழுதுவதில்லையா என்று என்னிடம் வருத்தப்பட்டபோதுதான் இதைக் கண்டுபிடித்தேன். அதுவரை இரண்டாண்டுகள் எழுதிய தமிழை யாரும் பார்த்திருக்கவில்லை என்றே நினைக்கிறேன். தமிழைப் படத்துக்குள் எழுதிப் பார்த்தோம். கண்ணுக்குப் பட்டது, ஆனால் படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடு பொறி எளிதில் பிடிப்பதில்லை, பார்வைக் குறைவு உடையவரின் கைப்பேசியால் படித்துச் சொல்லவும் முடிவதில்லை. கடைசியில் ஒரே செய்தியை மொழிக்கு ஒன்றாகத் தனித்தனிப் பதிவாக்கினோம். வேலை இரட்டிப்பு. வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

டிக்டோக்கைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. படிவம் நான்கில் படிக்கும் மாணவர்கள் சிலர் அடுக்குகளுக்கிடையே ஆடிப்பாடிக் காணொளி எடுத்தார்கள். பலர் பார்த்தார்கள், அதைப் பார்த்து யாரும் வந்ததாகத் தெரியவில்லை. ஆனால் படமெடுக்க வந்த அந்த மாணவர்கள் போகாமல் இருந்துவிட்டார்கள். பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். பயிற்சி நூல்களை இப்போது எடுப்பவர்கள் அவர்கள்தாம். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை அங்கே தேடிப் போவதில் பொருளும் இல்லை, நியாயமும் இல்லை, ஏனெனில் அந்த வயதினர் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்பது அந்தத் தளங்களின் விதி. பிள்ளைகளுக்கான செய்தியை அம்மாக்களின் புலனத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.

புலனம்தான் எங்கள் ஊரின் உண்மையான சமூக ஊடகம். அதன் நடைமுறைகளைப் பட்டுத்தான் கற்றேன். குழுவாகத் தொடங்கினால் 1,024 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் குழுவிலிருக்கும் ஒவ்வொருவரின் தொலைபேசி எண்ணும் மற்ற எல்லாருக்கும் தெரியும். இளம்பெண்கள் சிலர் சேர்ந்த வேகத்திலேயே வெளியேறியதன் காரணம் அதுதான். அறிவிப்புப் பட்டியல் முறையில் ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது, பதிலும் நமக்கு மட்டும் தனியாக வரும். ஆனால் ஒரு பட்டியலில் 256 பேர்தான் சேரலாம். நம்முடைய எண்ணைத் தம் கைப்பேசியில் பதிந்து வைத்திருப்பவருக்குத்தான் செய்தி போய்ச் சேரும். இது தெரியாமல் பல வாரங்கள் காற்றில் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். பிறகு நூலக எண்ணை அச்சிட்ட பக்கக்குறி அட்டை ஒன்றைத் தயாரித்து, நூல் எடுப்பவரிடம் கொடுத்து, முகப்பிலேயே கைப்பேசியை வாங்கி எண்ணைப் பதிந்து தரத் தொடங்கினோம். சமூக ஊடகப் பணியில் நான் செய்த மிகப் பயனுள்ள வேலை, காகிதத்தில் அச்சடித்த அந்த அட்டைதான்.

குழுவை விட்டுப் பட்டியலுக்கு மாறியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை எழுத இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது. தவணை முடிந்த நூல்களை நினைவூட்டும் வேலையை நானாகவே எடுத்துக்கொண்டிருந்தேன். ஓர் இரவு, அவசரத்தில், தனியாக அனுப்ப வேண்டியதைக் குழுவில் அனுப்பிவிட்டேன். "அக்கா, நீங்கள் எடுத்த சிறுநீரக நோயாளிகளுக்கான உணவுமுறை நூலுக்குத் தவணை முடிந்துவிட்டது" என்று, அவர் பெயரோடு. உடனே அழித்தேன், அதற்குள் பார்த்தவர்கள் பார்த்துவிட்டார்கள். நோய் அவருடையதன்று, லாரி ஓட்டும் கணவருடையது. வேலை போய்விடும் என்று வீட்டுக்கு வெளியே யாரிடமும் அவர்கள் சொல்லியிருக்கவில்லை. மறுநாள் கோயிலில் இரண்டு பேர் அக்கறையோடு விசாரித்திருக்கிறார்கள். நூல் பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் கையில் திரும்பி வந்தது. வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். தண்ணீர் கொடுத்தார், உட்காரச் சொன்னார், "பரவால்ல டீச்சர், தெரியாம நடந்தது" என்றார். பல மாதங்கள் நூலகத்துப் பக்கம் வரவில்லை. இப்போது வருகிறார். கதைப் புத்தகங்களை வீட்டுக்கு எடுத்துப் போகிறார், மருத்துவ நூல்களை மட்டும் மூலை நாற்காலியில் உட்கார்ந்து படித்துவிட்டு வைத்துவிட்டுப் போகிறார். நூலகத்துக்கும் வாசகருக்கும் இடையில் நடப்பது அவ்விருவருக்குள் இருக்க வேண்டும் என்று நூலகச் சங்கங்களின் அனைத்துலகக் கூட்டமைப்பு 2012இல் வகுத்த ஒழுக்க நெறியில் இருக்கிறது. முகப்பில் உட்கார்ந்திருக்கும்போது அதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஒருவர் எடுக்கும் நூலின் பெயரை அடுத்து நிற்பவர் காதில் விழ நான் ஒருநாளும் உரக்கச் சொன்னதில்லை. கைப்பேசியை எடுத்ததும் அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போயிருந்தது.

நல்ல விதமாக நடந்த ஒன்றும் உண்டு. நூலகக் கண்ணாடிப் பெட்டியில், ரப்பர் மரத்தில் வடியும் பாலைப் பிடிக்கும் பழைய பால் மங்கு ஒன்று இருக்கிறது. அதைப் படமெடுத்து, இதை உங்கள் தோட்டத்தில் என்னவென்று சொல்வீர்கள், இதோடு சேர்ந்த சொற்கள் வேறென்ன நினைவிருக்கின்றன என்று மட்டும் கேட்டேன். அதுவரை ஒரு சொல்கூட எழுதாதவர்கள் எல்லாம் பேச வந்தார்கள். எழுத அல்ல, பேச. தமிழ்ப்பள்ளியில் இரண்டு மூன்றாண்டு படித்ததோடு மங்கு துடைக்கப் போன பெண்களுக்குத் திரையில் எழுத்தைத் தட்டுவது சிரமம். குரல்பதிவுப் பொத்தானை அழுத்திப் பேசுவது எளிது. ஒட்டுப்பால், கட்டிப்பால், நிரை, வெளிக்காட்டு வேலை, ஆயாக் கொட்டகை என்று சொற்கள் வந்து விழுந்தன. ஒருவர் சொன்ன பொருளை இன்னொருவர் மறுத்தார். உங்கள் தோட்டத்துக் கிராணி தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டார் என்று வழக்கும் நடந்தது. பேரப்பிள்ளைகளை விட்டு அவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கச் சொன்னேன். அந்தச் சாக்கில் அவர்கள் நூலகத்துக்குள் வந்தார்கள். வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை, பழைய சம்பளச் சீட்டு, லயத்து முன்னால் எடுத்த மங்கிய படம் என்று எதையாவது கொண்டுவந்தார்கள். போகும்போது சிலர் ஒரு நூலை எடுத்துப் போனார்கள்.

அவர்களுக்காகவே இப்போது வாரம் ஒருமுறை ஒரு சிறுகதையைக் குரல்பதிவாகப் படித்து அனுப்புகிறேன். இந்நாட்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் வாழ்நாளும் அதன்பின் 50 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும். எனவே மறைந்து அரை நூற்றாண்டு கடந்தவர்களின் கதைகளை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன், மற்றவற்றுக்கு நூலின் பெயரையும் அடுக்கில் இருக்கும் இடத்தையும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். இரவு ஒன்பதரைக்கு அனுப்புவேன். தொலைக்காட்சித் தொடர் முடிந்து, சமையல் பாத்திரம் கழுவி, உட்காரும் நேரம் அது. காலையில் அனுப்பியபோது யாரும் கேட்கவில்லை.

சென்ற வெள்ளிக்கிழமை இரண்டாம் அலமாரியின் கீழ்த்தட்டைப் படமெடுத்து அனுப்பியிருந்தேன். முன்பு ஒரு தோட்டத்தில் நாற்பதாண்டு பால்மரம் வெட்டிப் பால் எடுத்த பாட்டி ஒருவர் திங்கட்கிழமை குரல்பதிவு அனுப்பினார். பின்னால் சேவல் கூவிக்கொண்டிருந்தது. "டீச்சர், இடமிருந்து மூணாவது, பச்சை அட்டை. அட்டையே அழகா இருக்கு. பேத்திகிட்ட குடுத்து விடுங்க" என்றார். போய்ப் பார்த்தேன். இரண்டாவதுக்கும் நான்காவதுக்கும் இடையில் வெற்றிடம். சனிக்கிழமையே வேறொருவர் எடுத்துப் போயிருந்தார். அதை நானும் குரல்பதிவிலேயே அவருக்குச் சொன்னேன். சற்று நேரத்தில் பதில் வந்தது.

"யாரு எடுத்ததுன்னு சொல்லாதீங்க டீச்சர். திரும்பி வந்ததும் சொல்லுங்க."